ஆகாயத்தாமரைக்கு ஒரு டச்சப்

எங்கள் போட்டோ ஸ்டுடியோ வடசென்னையில், டோல்கேட்டில் இருக்கிறது. மேலே மெட்ரோ ரயில், கீழே கன்டெய்னர் லாரி, நடுவில் தூசு. அந்தத் தூசுக்குள் நின்று மணப்பெண்களை மின்ன வைப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, ஞானஸ்நானம், சுன்னத்து என்று இந்த வட்டாரத்தில் நான் எடுக்காத விசேஷம் இல்லை. ஆடி வந்தால் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் முழுக்கக் கேமராவைத் துடைப்பேன், லென்ஸைத் துடைப்பேன், பிறகு மனைவியின் பேச்சைத் தாங்க முடியாமல் ஃபேனையும் துடைப்பேன்.

சில வருஷங்களுக்கு முன் அப்படியொரு ஆடியில்தான் அவர் டிபன் டப்பாவோடு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, குட்டைத் தாடி, முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஸ்டூலில் உட்காரச் சொல்லி, "பாஸ்போர்ட் சைஸா பாய்?" என்றேன்.

"எனக்கு இல்லபா, இவருக்கு" என்று டப்பாவைத் திறந்தார். உள்ளே ஈர இலை ஒன்று. அதன் மேல் மிளகு அளவில், சாம்பல் நிறத்தில், மூக்கு நீண்ட வண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஆடி மாதமானாலும் மனிதனுக்கு ரோஷம் என்று ஒன்று உண்டு. நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது, தாலியையும் மெட்டியையும் கிட்டத்தில் எடுக்க ஒரு லென்ஸ் வைத்திருப்பீர்களே, அது போதும் என்றார். லென்ஸைப் பற்றித் தெரிந்த வாடிக்கையாளர் என்றால் எனக்குக் கொஞ்சம் இளகிவிடும். இலையை மேஜையில் வைத்து, விளக்கைத் திருப்பி, வண்டைக் குச்சியால் லேசாக நகர்த்தினேன். அது காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. வந்த வாடிக்கையாளரைக் கொன்றுவிட்டோமே என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"சாவலபா, ஆக்டிங்கு. கொஞ்ச நேரம் கண்டுக்காம உட்டுடு. தானா எய்ந்துக்கும்" என்றார் அவர்.

கண்டுகொள்ளாமல் விட்டோம். டீ வந்தது, குடித்தோம். வண்டு எழுந்தது. நான் கேமராவைத் தூக்கினேன், மறுபடி செத்தது. மாலையோடு நின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் என்னை இப்படிப் படுத்தியதில்லை.

கடையின் பின்பக்கம் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப்புறம் கம்ப்யூட்டரும் என் மனைவியும். ஸ்டுடியோவின் பெயரும் புகழும் அவளுடையது, போர்டும் வாடகையும்தான் என்னுடையது. பருவும் கரும்புள்ளியுமாகப் படத்தில் உள்ளே போகும் பெண்கள் அவள் கைபட்டு ஆல்பத்தில் பன்னீர் ரோஜாவாக வெளியே வருவார்கள். அதற்கு எங்கள் தொழிலில் டச்சப் என்று பெயர். கடைக்கு வரும் பெண்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியே, அக்கா இருக்காங்களா என்பதுதான். என் கடையிலிருந்து ஒரு முகமும் கறையோடு வெளியே போகக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

அன்று தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தவளுக்கு, அவர் முகத்தைக் கண்டதும் கை பரபரத்தது. ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் பாய், தழும்பெல்லாம் எடுத்துவிட்டு மழமழவென்று தருகிறேன், இலவசமாகவே என்றாள்.

"வாணாம் தங்கச்சி. இதுதான் எனக்கு ஐடி கார்டு. இத எட்துட்டா எங்கூட்டுக்காரியே கதவத் தொறக்க மாட்டா" என்றார்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. தொழிலை அவமதித்துவிட்டதாக நினைத்தாள்.

அவர் வண்ணாரப்பேட்டைக்காரர். வீட்டில் பரம்பரையாகத் துணி வியாபாரம். மூத்த மகன் டாக்டருக்குப் படிக்கப் போகிறான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அவர் டாக்டரும் ஆகிவிட்டார், பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து. தம்பி இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் எங்க அண்ணன் டாக்டரு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். மேற்கொண்டு யாராவது மூட்டுவலி என்று ஆரம்பித்தால் பேச்சைப் பாவாடைத் துணிக்கு மாற்றிவிடுவார். தெருவில் அவருக்குப் பூச்சி பாய் என்று பெயர். அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை, ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அத்தனை படித்தும் அவர் பேச்சு பேட்டையை விட்டு வெளியே போனதில்லை. வெளிநாட்டுக்காரர்களோடு போனில் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்; வைத்ததும் திரும்பி, "அப்பால இன்னா சொல்லிகினு இருந்தேன்?" என்பார்.

அந்த வண்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு சாப்பாடுதான், ஆகாயத்தாமரை. புழலுக்கும் மணலிக்கும் நடுவில் சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. ஏரி என்று அரசாங்கக் கணக்கில்தான் உண்டு. கண்ணுக்குத் தண்ணீர் தெரியாது, கரைக்குக் கரை ஆகாயத்தாமரைதான். வருஷத்துக்கு ஒருமுறை பொக்லைன் வந்து வாரிக் கரையில் போடும். எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மழை வந்ததும் பாதி திரும்ப ஏரிக்குள் சரியும். மீதி வாய்க்காலில் அடித்துக்கொண்டு போய் எண்ணூர்க் கழிமுகத்தில் சேர, நெட்டுக்குப்பத்தில் வலை விரிப்பவர்களுக்கு மீனுக்குப் பதிலாக அதுதான் கிடைக்கும். இரண்டு மாதத்தில் ஏரி பழையபடி பச்சையாகிவிடும்.

அங்கே ஒரு மூலையில் வண்டுகளை விட்டு, அவை பெருகி ஏரி முழுக்கப் பரவிச் செடியை ஒடுக்குகின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய கடைசி வேலை. பெரிய வண்டுகள் இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். அதன் புழுக்கள் தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். செடி ஒரே நாளில் சாகாது. முதலில் இலை பொட்டுப் பொட்டாகும், பிறகு குட்டையாகும், பூ குறையும், கடைசியில் தண்டு அழுகி மூழ்கும். எத்தனை நாள் ஆகும் பாய் என்று கேட்டேன். இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும் என்றார். நான் சிரித்துவிட்டேன். என் தொழிலில் இரண்டு மூன்று வருஷத்தில் கல்யாணம், வளைகாப்பு, பெயர் சூட்டல் எல்லாம் முடிந்து சில சமயம் டைவர்ஸும் வந்துவிடும்.

ஏரியில் நடப்பதை அவ்வப்போது படமெடுக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. விசேஷம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். தண்ணீருக்குள் ஒரு மூங்கில் நட்டு வைத்திருந்தார். அதன் பக்கத்தில் நின்று, அதே உயரத்தில், அதே இலைகளின் கூட்டத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டும். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு முட்டியளவு கலீஜ் தண்ணீரில் நான் நிற்பேன். அவர் இலையைத் தட்டில் பலகாரம் போல நீட்டுவார். ஒரு தடவை சேற்றில் வழுக்கி நான் உட்கார்ந்தே விட்டேன். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே அவரை ஒரு படம் எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

நான் அந்த வண்டுகளை நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் அவரோடு போவது எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது மணலியில் பரோட்டா சாப்பிடுவோம். என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் தனியாகக் கட்டச் சொல்லுவார், சால்னா கூடுதலாக.

ஏரிக்கரை ஜனங்களுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, பொறுமைதான் இல்லை. குறை சொல்ல முடியாது. கொசு கடிப்பது அவர்களைத்தான். கரையிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ஏரி அன்றும் பச்சை, இன்றும் பச்சை. பூச்சிகள் ஆகாயத்தாமரையைத் தீர்த்துவிட்டு எங்கள் வீட்டு ரோஜாவுக்கும் கீரைக்கும் வருமா என்று ஒரு அம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்பார். வராதும்மா, பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறு எதையும் வாயில் வைக்காது, பிரியாணி இல்லாத கல்யாணத்துக்கு என் மச்சான் போகாத மாதிரி என்று இவரும் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

மூன்றாவது ஆடி கழிந்து புரட்டாசி வந்தது. பாய் கேட்டுக்கொண்டதால் அதுவரை நிறுத்தி வைத்திருந்த பொக்லைனை மழைக்கு முன் கொண்டுவந்துவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். பொக்லைன் வந்தால் செடியோடு வண்டும் புழுவும் கரையில் குவிந்து வெயிலில் காய்ந்துபோகும். பெருகி ஏரி முழுக்கப் பரவியிருந்த நேரம் அது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அவருக்கு வேலையும் இருக்காது, அடுத்த மாதம் ஓய்வு. ஒரே ஒரு வருஷம் விட்டுவைத்தால் போதும் என்றார்.

சங்கத்தாருக்குக் காட்ட, முதல் ஆடியிலிருந்து இந்த ஆடி வரை எடுத்த படங்களை வரிசையாக ஒரு ஆல்பமாகப் போட்டுக் கொடு என்று கேட்டார். பிடுங்கிய செடி ஒன்றைக் காட்டினால் காய்ந்த செடி என்பார்கள். முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். எனக்குப் பொன்னேரியில் ஒரு மஞ்சள் நீராட்டு இருந்தது. படங்களை மனைவியிடம் கொடுத்து, பாய்க்கு நல்ல ஆல்பமாகப் போடு, கூட்டத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த "எல்லோரும் பார்ப்பார்கள்" என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் ரேஷன் கடைக்கு மேலே இருந்த சங்க அறையில். நான் பொன்னேரியிலிருந்து நேராகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் மனைவி ஆல்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். கட்டியிருந்தது பட்டுப்புடவை. பாய் எழுந்து, இதைப் பாருங்கள், பூச்சி என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லி ஆல்பத்தைச் செயலாளர் கையில் கொடுத்தார்.

கல்யாண ஆல்பம்தான். கெட்டி அட்டை, தங்கக் கலர் ஓரம். முதல் பக்கத்தில் ஒரு வண்டும் இன்னொரு வண்டும் இதய வடிவக் கட்டத்துக்குள் சிரிக்காத குறையாக உட்கார்ந்திருந்தன. அதைத் தாண்டியதும் ஆகாயத்தாமரை. பக்கத்துக்குப் பக்கம் ஆகாயத்தாமரை. ஒரு பொட்டு இல்லை, ஒரு பழுப்பு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. நெய் தடவியது போல ஒவ்வொரு இலையும் பளபளத்தது. கடைசிப் பக்கத்தில் இருந்ததை நான் என் கையால் எடுத்திருந்தேன், அது சல்லடை மாதிரிக் கிடந்த இலை. அது இப்போது வாழையிலை விளம்பரத்துக்குப் போகலாம்.

நான் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

செயலாளர் புரட்டினார், பக்கத்தில் இருந்தவர் புரட்டினார். லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் அந்தச் சங்கத்தில் எதையும் எதிர்த்துத்தான் பேசுவார். அவர் ஆல்பத்தை மூடி வைத்து, "பாய், இது பூச்சியா, உரமா? ரெண்டு வருஷத்துல செடி இன்னும் ஷோக்கால்ல கீது" என்றார். அறையே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. அவர் ஆல்பத்தை வாங்கி முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து, இது கம்ப்யூட்டரில் சுத்தம் செய்த படம், அசல் படங்கள் கடையில் இருக்கின்றன, இப்போதே போய்க் கொண்டுவருகிறேன் என்றேன்.

அது இன்னும் வினையாகப் போயிற்று. இருக்கிற ஓட்டையை எடுக்க முடியும் என்றால் இல்லாத ஓட்டையைப் போடவும் முடியும்தானே, இனிமேல் எந்தப் படத்தை நம்புவது என்றார் லேத்காரர். நியாயமான கேள்வி. செயலாளர் பொக்லைனுக்கு நாள் குறிக்கக் காலண்டரைப் பார்த்தார்.

அப்போதுதான் என் மனைவி எழுந்தாள். தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் தப்பை ஒப்புக்கொண்டு தலைகுனிவது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. அவளுக்கு வந்தது கோபம்.

"இன்னாத்த போட முடியும்னு சொல்றீங்க? எடுக்கறதே எம்மாம் பேஜாருன்னு என்னக் கேளுங்க. மொத ஆடியில எட்த படத்துக்கு எனக்கு வேலையே இல்ல. அங்க ஒரு பொட்டு, இங்க ஒரு பொட்டு. டீ ஆர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். இந்த ஆடியில எட்தது கீதே, ஒரு எலைக்கு ஒரு பொயுது ஆச்சு. எலைய விட ஓட்டதான் ஜாஸ்தி. பச்ச எங்க கீதுன்னு தேடித் தேடி எட்து அடைச்சேன். கை தூக்க முடியல எனக்கு. அம்மை போட்ட மூஞ்சியக்கூட அரை மணில முடிக்கறவ நான்."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் பாய் எதிரில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அறையில் சிரிப்பு நின்றிருந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கையால் வேலை செய்கிறவர்கள். வெல்டர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், தையல் வேலைக்காரிகள். படம் பொய் சொல்லலாம். கை வலிக்கிறது என்று ஒருத்தி இவ்வளவு கோபத்தோடு சொன்னால் அதில் பொய் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். லேத்காரர் ஆல்பத்தை வாங்கி முதல் இலையையும் கடைசி இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்போ நெசமாவே தின்னுதாம்மா என்று குரலை இறக்கிக் கேட்டார். தின்னுதா, மேய்ந்து தள்ளிவிட்டிருக்கிறது என்றாள் இவள். அதற்குப் பிறகு யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷ மழை வரை பொக்லைன் வேண்டாம் என்று முடிவானது. ரோஜாச் செடி அம்மா மட்டும் தன் கேள்வியை மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் பாய் சிரிக்க ஆரம்பித்தார். இதய வடிவத்துக்குள் வண்டை நினைத்து நினைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, நீ எனக்கு ஒரு வருஷம் வாங்கிக் குடுத்துட்ட" என்றார். இவள் அப்போதும் விடாமல், மூஞ்சி என்று சொன்னதற்குக் கோவித்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அரை மணியில் முடியாது, என் மூஞ்சிக்கு ஒரு நாளாவது வேண்டும் என்றார் அவர். அந்த ஆல்பத்தை அவர் திருப்பித் தரவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் தன் கல்யாண ஆல்பம் என்று சொல்லிக் காட்டுவாராம்.

அந்த வருஷம் முழுதாக அவருக்குக் கிடைக்கவில்லை. மாசியில் ஒரு காலை, டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி போன் செய்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக எழுந்துகொள்வார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. கபர்ஸ்தானுக்குப் போய்ப் பிடி மண் போட்டு வந்த பிறகும் அந்த நினைப்பு சில நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. யாரும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் மூங்கில் பக்கத்தில் நின்று அதே உயரத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். சித்திரை வெயிலில் செடிகள் என் முழங்காலுக்கு இறங்கியிருந்தன. ஆனியில் நடுவில் ஒரு ஓட்டை போலத் தண்ணீர் தெரிந்தது. ஆடியில் நான் போனபோது மூங்கிலைச் சுற்றி ஒன்றுமே இல்லை, நாமக்கோழிகள் நீந்திக்கொண்டிருந்தன. எதைப் படமெடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் இருந்திருந்தால் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் தூசு என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் சங்கச் செயலாளரும் லேத்காரரும் கடைக்கு வந்தார்கள். ஏரிக்கரையில் பாய்க்கு ஒரு நன்றி போர்டு வைக்கப் போகிறார்களாம், படம் வேண்டுமாம். தம்பியைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் படம் மாட்டும் வழக்கம் இல்லை, ஏரிக்கரை உங்கள் இடம், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். நான் எடுத்த அத்தனை படங்களையும் தேடினேன். எல்லாவற்றிலும் இலையைப் பிடித்திருக்கும் அவர் விரல்தான் இருந்தது. முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில், நான் சேற்றில் உட்கார்ந்துகொண்டு எடுத்ததில். வாயெல்லாம் சிரிப்பு. நேர் வெயிலில் எடுத்ததால் ஒவ்வொரு தழும்பும் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது.

மனைவி படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மவுஸில் கை வைக்கவில்லை. பிறகு அப்படியே பிளக்ஸ் கடைக்கு அனுப்பினாள். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள்.

"அக்கா, மூஞ்சி பூரா புள்ளி புள்ளியா கீது. நீங்க மறந்துட்டீங்க போல. நான் க்ளீன் பண்ணிடட்டா?"

"கைய வச்ச, அங்க வந்து கைய ஒடச்சிடுவேன்" என்றாள். "ஒரு புள்ளி கொறயக் கூடாது. அப்டியே போடு."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று மாலை ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் வாங்க வந்தார்கள். பெண்ணின் கன்னத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.